என் நாக்கு பொய் சொன்ன வாரம்

நீங்கள் ஏழு பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றும், உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் முனிரத்தினம் போன வாரம் போன் செய்து கேட்டான். எதைப் பற்றி என்றேன். "உங்க அனுபவம்தான் மேடம்" என்றான். அவன் குரலுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது. எந்த அனுபவம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை என் கையாலேயே எழுத வைத்துவிட வேண்டும் என்று அவன் ரொம்ப நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறான். சரி, எழுதிவிடுகிறேன். ஓய்வு பெற்றவளுக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

இலையை எப்படி உலர்த்துவது, எப்படி ஊற வைப்பது, கண்ணாடிக் குழாயில் எப்படி சிலிக்கா நிரப்புவது என்றெல்லாம் இதில் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். கைக்கு வராத சங்கதி வேறு ஒன்று இருக்கிறது. நாளைக்கு ஆள் வருகிறார்கள், இயந்திரம் படுத்துவிட்டது, உங்கள் மனது "கிடைச்சாச்சு, கிடைச்சாச்சு" என்று குதிக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அதைச் செய்யாதீர்கள்.

நான் சித்தூர்க்காரி. என் நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கோயிலில் பழைய தமிழ் ஞானப்பாட்டு, சண்டை போடும்போது எல்லாம் கலந்து. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து செடிகளுக்குள்ளிருந்து சரக்கைப் பிரித்தெடுக்கும் வேலைதான். ஒரு இலைக்குள் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. அதில் மருந்தாக வேலை செய்வது ஒன்றோ இரண்டோ. ஒரு பெரிய கல்யாணக் கூட்டத்துக்குள் போய் மாப்பிள்ளையின் தாய்மாமன் யார் என்று கண்டுபிடித்து, அவரை மட்டும் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருகிற வேலை இது. அவரை விட்டுவிட்டு சமையல்காரரைக் கூட்டி வந்தவர்கள் நம் தொழிலில் ஏராளம்.

என் முதல் மேலதிகாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. சோதனைக்கு வைக்கும் பாட்டில்களோடு வெறும் தண்ணீர் பாட்டில் ஒன்றையும் எண் போட்டு நுழைத்துவிடுவார். எந்த எண் என்று யாருக்கும் சொல்ல மாட்டார். வேலைக்குச் சேர்ந்த வருடமே அந்தத் தண்ணீரில் நான் அபாரமான மருத்துவ குணத்தைக் கண்டுபிடித்தேன். அவர் திட்டவில்லை. கேன்டீனுக்கு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்து, "தண்ணீர் மிக நன்றாக வேலை செய்கிறது" என்று என் கையால் எழுத வைத்து, கீழே கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். "பாட்டிலுக்குள்ள வேலை நடக்கலம்மா, உன் தலைக்குள்ள நடக்குது" என்றார். அதற்குப் பிறகு எனக்குக் கீழே வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் இந்தத் தண்ணீர் பாட்டில் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். முனிரத்தினத்துக்கும் சொல்லிக் கொடுத்தேன். அதுதான் பின்னால் வினையாயிற்று. வினை என்று சொல்வதா, புண்ணியம் என்று சொல்வதா என்று கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிறுகுறிஞ்சான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெலுங்கில் பொடபத்ரி. நம் பக்கத்து மலையடிவாரத்தில் வேலிக்கு வேலி ஏறிக் கிடக்கிற கொடி. ஒரு இலையை மென்று துப்பிவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வது போல இருக்கும். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பு என்றால் என்னவென்றே தெரியாது. புளிப்பு, உப்பு, காரம் எல்லாம் தெரியும், இனிப்பு மட்டும் காணாமல் போய்விடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு இலையையும் ஒரு ஜாங்கிரியையும் கொடுத்து முகத்தைப் பார்ப்பது எங்கள் ரேணிகுண்டா ரோடு ஆய்வகத்தின் வரவேற்பு. உங்களுக்கும் நடந்திருக்கும்.

இனிப்பை மறைக்கிற அந்தச் சரக்கைச் சுத்தமாகப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்று சென்னை நிறுவனம் ஒன்று கேட்டிருந்தது. வியாழக்கிழமை காலை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பிடித்திருந்தால் வேலை எங்களுக்கு. இல்லாவிட்டால் எங்கள் பிரிவை மூடிவிடுவதாக மேலிடம் ஏற்கெனவே வாய் விட்டுச் சொல்லியாயிற்று. எனக்கு ஒன்றும் இல்லை, வேறு பிரிவில் ஒரு நாற்காலி கிடைக்கும். ஆனால் என்னோடு ஒப்பந்தத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். மாதக் கடைசியோடு அவர்களுக்கு வேலை போய்விடும்.

ஒருவன் முனிரத்தினம். ராமகுப்பத்துக்காரன், வேதியியல் படித்தவன். வீட்டில் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். அப்போதுதான் அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் வீட்டார் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து, வேலை நிரந்தரமா என்று சுற்றி வளைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஊருக்குப் போய் புழு வளர்த்துக்கலாம் மேடம், ஆனா ஆறு வருசமா சால்வென்ட் வாசனையிலேயே கெடந்த என் கையால எல போட்டா புழு துன்னாது" என்பான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். சிரிப்பு மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

இன்னொருத்தி பரிமளா. கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, உலர்த்தி, அடுக்கி வைக்கிறவள். தடா பக்கத்து ஊர். அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படித்தார்கள். டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பாள். மூன்று போட்டால் கண்டுபிடித்துவிடுவாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் பார்த்து எங்கள் பெரிய இயந்திரத்தின் பம்பு உயிரை விட்டது. பாகம் பெங்களூரிலிருந்து "வந்துகொண்டே" இருந்தது. ஆகவே எந்தப் பாட்டிலில் சரக்கு இருக்கிறது என்று கண்டுபிடிக்க மிஞ்சியது நாக்கு மட்டும்தான். பதறாதீர்கள். எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அது சரிதான். இது உணவாகப் பழகிய இலை, தண்ணீரும் சாராயமும் மட்டும் உபயோகித்துப் பிரித்தது, சாராயத்தையும் முழுக்க ஓட்டியாயிற்று, எங்களிடம் எழுத்தில் அனுமதியும் இருந்தது. ஆய்வகத்துக்கு வெளியே என் அறையில் வைத்துத்தான் சுவைப்போம். அதிகாரபூர்வ நாக்கு என்னுடையது.

அங்கேதான் வந்தது வினை.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் டாக்டர் எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, இனிப்பைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். சபையில் மாதர் சங்கத்துக்கு நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஞானசௌந்தரி அக்கா ஒரு டப்பாவைக் கையில் திணித்துவிட்டார். உள்ளே பச்சைப் பொடி. "வெந்நீர்ல கலக்கி பிளாஸ்குல ஊத்தி வச்சிக்கோ. நாள் முச்சூடும் ஒவ்வொரு வாயா குடிச்சிக்கினே இரு. சர்க்கரை தானா ஓடிப் பூடும்" என்றார். வெந்தய வாசனை தூக்கலாக அடித்தது. என்ன என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை. ஊரில் உள்ள இலை தழையை எல்லாம் முகர்ந்தே பெயர் சொல்கிறவள், என் வாய்க்குள் போகிற பொடியில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா கொடுத்தது, அவ்வளவுதான்.

இலைச் சாறு ஓடிய குழாயிலிருந்து பிரிந்து இறங்கியதைத் திங்கட்கிழமை வரிசையாக ஏழு பாட்டிலில் பிடித்தோம். செவ்வாய்க்கிழமை காலை முனிரத்தினம் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் எடுத்து, உலர்த்தி, தண்ணீரில் கரைத்து, எண் போட்டு என் மேஜையில் வைத்தான். பார்த்தால் எட்டு இருந்தது. கடைசிப் பாட்டிலை இரண்டாகப் பிரித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க நான் எதையுமே கேட்கவில்லை.

முறைப்படி முதலில் வெறும் நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டு, இனிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சரக்கு, பிறகு மறுபடி சர்க்கரை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம் இடைவெளி. எனக்கோ டாக்டர் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு, இனிப்பைத் தொடாதே என்கிறார். எட்டுப் பாட்டிலுக்கும் அந்த முதல் சிட்டிகை எதற்கு வீணாக என்று விட்டுவிட்டேன். ஆரோக்கியத்தில் எனக்கு இருந்த அக்கறையைப் பாருங்கள்.

ஒன்றாம் எண். சர்க்கரை போட்டேன். மணல். எனக்கு நம்ப முடியவில்லை, முதல் பாட்டிலிலேயே சரக்கா? ஒரு மணி நேரம் காத்திருந்தேன், பிளாஸ்கிலிருந்து இரண்டு வாய் குடித்தேன். இரண்டாம் எண். மணல். மூன்று, மணல். நான்கு வந்தபோது நான் கிறிஸ்துமஸ் கீர்த்தனை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், அப்போது சித்திரை வெயில். ஆறாம் எண்ணில் சர்க்கரை இருந்த சுவடே இல்லை. வெளியே எட்டிப் பார்த்து, "ஆறாம் நம்பர்தான்டா ராணி" என்று முனிரத்தினத்திடம் கத்தினேன். அவன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. சந்தோஷத்தில் விழுந்தது என்று நினைத்தேன்.

சாயங்காலம் எட்டும் முடிந்தது. எட்டிலும் சரக்கு. ஒரு கிலோ இலையில் இவ்வளவா? சென்னைக்காரர்கள் மயங்கி விழுவார்கள். நான் அறைக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தேன், உண்மையாகவே சுற்றினேன், அந்த வயதில்.

முனிரத்தினம் டிஎல்சி தகட்டோடு வந்தான். எந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது என்று புள்ளி புள்ளியாகக் காட்டும் தகடு.

"இத ஒருதரம் சூடண்டி, பாருங்க மேடம். மூணுலயும் நாலுலயும்தான் நம்ம புள்ளி கீது. ஏழு எட்டெல்லாம் வெறும் பச்சப் பிசுக்கு."

"தகடு, நாம தெளிக்கிற மருந்துக்குப் பிடிபடறத மட்டும்தான்டா காட்டும். நாக்கு எல்லாத்தையும் காட்டும்."

"ஆறுல ஒண்ணுமே இல்ல மேடம்."

"ஆறுதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி. எத்தன வருசமா இந்த நாக்க வச்சிக்கினு வேலை செய்றேன், தெரியுமா? நாளைக்குக் காலைல எல்லாப் பாட்டிலையும் ஒண்ணா ஊத்திடு."

ஒன்றாக ஊற்றினால் பிறகு பிரிக்க முடியாது. இன்னொரு முறை குழாய் ஓட்ட நாலு நாள் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு நாள். அவன் "சரி மேடம்" என்று போனான். அவன் போன விதத்தைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை, ஊற்றினாயா என்றேன். ஊற்றுகிற பெரிய குடுவை கழுவப் போயிருக்கிறது என்றான். குடுவை வந்ததும், தண்ணீர்த் தொட்டி சூடாகவில்லை என்றான். தொட்டி சூடானதும், தனக்கு வயிறு சரியில்லை என்றான். எனக்கு எரிச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. கல்யாண மயக்கத்தில் வேலையில் கவனம் இல்லை என்றுகூடச் சொன்னேன்.

பதினோரு மணிக்குப் பரிமளா என் அறைக்கு வந்தாள். கையில் காகிதப் பொட்டலம்.

"எங்கக்கா தடாலருந்து வந்து மலைக்குப் போய் வந்தாங்க மேடம். லட்டு. ஒரு துண்டு துன்னுங்க."

நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் திருமலை லட்டு விஷயத்தில் எங்கள் வீட்டில் யாரும் மதம் பார்ப்பதில்லை. நைனாவே இரண்டு துண்டு சாப்பிடுவார். டாக்டர் ஞாபகம் வந்தது. ஒரு துண்டுதானே என்று அவரை வெளியே அனுப்பிவிட்டு வாயில் போட்டேன். நெய் தெரிந்தது, ஏலக்காய் தெரிந்தது, முந்திரி தெரிந்தது. மற்றபடி உருண்டை பிடித்த கடலை மாவு.

"இன்னா பரிமளா இது, மண்ணாட்டம் இருக்குது? சர்க்கரையே இல்லையே."

பரிமளா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"முனிரத்தினம், வா உள்ள. நீ சொன்னது நிஜம்தான்."

அவன் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். இரண்டு பேரும் என் முன்னால் வந்து நின்றார்கள். யார் பேசுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆறாம் நம்பர் வெறும் தண்ணி மேடம்" என்றான் முனிரத்தினம். "நீங்க சொல்லிக் குடுத்ததுதான். இந்தத் தபா நீங்க வைக்கச் சொல்லல, நானே வச்சேன். நீங்க அதத்தான் ராணின்னீங்க. உங்க நாக்கு சரியில்லன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் காலைலருந்து ஊத்தாம இழுத்துக்கினு இருந்தேன்."

"நேத்து சாயந்தரம் உங்க பிளாஸ்கக் கழுவப் போறப்போ அடியில கொஞ்சம் இருந்துச்சு மேடம்" என்றாள் பரிமளா. "கிரீன் டீன்னு நெனச்சி ரெண்டு வாய் குடிச்சிட்டேன். அப்பறம் போய் டீ குடிச்சா, வெந்நீராட்டம் இருக்குது. நாலு ஸ்பூன் போட்ட டீ. டீக்காரன்கிட்ட சண்ட போட்டுட்டு வந்து இவன்கிட்ட சொன்னேன். இவன்தான், லட்டு குடுத்துப் பாக்கலாம் அக்கான்னான்."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், என் அறையில், லட்டை வைத்து. ஒரு நிமிடம் இரண்டு பேரையும் முறைத்தேன். பிறகு அந்த ஆறாம் எண் ஞாபகம் வந்தது. "ராணி" என்று நான் கத்தியது ஞாபகம் வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை. நாற்காலியிலிருந்து சரிந்து தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பரிமளாவும் உட்கார்ந்துவிட்டாள். முனிரத்தினம் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் லட்டுப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஞானசௌந்தரி அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்தப் பொடில இன்னா இன்னா போட்டீங்க?"

"வெந்தயம், நாவக் கொட்ட, அப்பறம் பாதிக்குப் பாதி பொடபத்ரி. ஏன்?"

"பொடபத்ரியா? அத யாரு போடச் சொன்னாங்க?"

"நீதான். போன வருசம் சங்கத்துல வந்து அந்தச் செடியப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனியே. நான் நோட்டுல எழுதி வச்சிக்கினேன்."

மறுபடியும் தரையில் உட்கார வேண்டியதாயிற்று.

சிரித்து முடித்ததும் பயம் வந்தது. மணி பன்னிரண்டு. நாளைக் காலை பத்து மணிக்கு ஆள் வருகிறார்கள். கையில் நம்பக்கூடிய ஒரு முடிவுகூட இல்லை. பிளாஸ்கை நிறுத்தினாலும் என் நாக்கை உடனே நம்ப எனக்கே மனது வரவில்லை. முனிரத்தினம் ஓயாமல் பாக்கு மெல்கிறவன். பரிமளாவைப் பார்த்தேன்.

"ஐயோ, நான் பாட்டில் கழுவறவ மேடம்."

"மூணு ஸ்பூனுக்கும் நாலு ஸ்பூனுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்க இந்தக் கட்டடத்துல வேற யாரு இருக்காங்க?"

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தோம். முதலில் வெறும் நாக்கில் சர்க்கரை. "இனிக்குது." பிறகு சரக்கு. பிறகு சர்க்கரை. சாயங்காலத்துக்குள் ஐந்து பார்க்க முடிந்தது. இரண்டு, இனித்தது. மூன்று, மணல். நான்கு, மணல். ஐந்து, "லேசா மங்குது, அவ்ளோதான்." எண் சொல்லாமல் கொடுத்த ஆறு, நன்றாக இனித்தது. முனிரத்தினத்தின் தகடு சொன்னது அத்தனையும் நிஜம். நான்தான் அந்தத் தகட்டைத் தட்டிவிட்டவள்.

மூன்றையும் நான்கையும் மட்டும் சேர்த்து உலர்த்தினோம். சின்னக் குப்பியின் அடியில் வெளிறிய பொடி, ஒரு தேக்கரண்டிகூட வராது.

வியாழக்கிழமை காலை அந்தக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் மற்ற பாட்டில்கள் வரிசையாக நின்றன. இப்போதும் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றி உலர்த்த மூன்று மணி நேரம் போதும், வந்தவர்களுக்கு அதுவரை இட்லி வடை கொடுத்து உட்கார வைக்கலாம். குப்பி நிறையப் பொடி இருக்கும். நாக்கில் வைத்தால் வேலையும் செய்யும், மூன்றும் நாலும் அதற்குள்தானே இருக்கின்றன. சுத்தம் இல்லை என்பது அவர்கள் ஊருக்குப் போய் இயந்திரத்தில் போட்டுப் பார்க்கும்வரை தெரியாது. அதற்குள் ஒப்பந்தம் ஆகிவிடும், இவர்கள் இரண்டு பேருக்கும் வேலை நிலைக்கும். இதையெல்லாம் நான் நினைத்தேன். நினைக்கவில்லை என்று சொன்னால் அது அடுத்த பொய்.

ஊற்றவில்லை. நான் பெரிய உத்தமி என்பதால் அல்ல. வேலை போகப்போகிறவர்களே அந்த இரண்டு பேர்தான். அவர்களே முந்தின நாள் நான் சொன்னபடி ஊற்றாமல் நின்றார்கள். அதற்கு மேல் நான் எந்த முகத்தோடு ஊற்றுவது?

சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தார், கூட ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு. அந்த அம்மா அதிகம் பேசவில்லை. ஒரு கிலோ இலைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டார். குப்பியைக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. முந்தா நாள் இதுக்கு நாலு மடங்கு வந்துச்சு, என் நாக்கு கெட்டுப் போயிருந்ததால." பிளாஸ்க், பொடி, ராணி, லட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பையோடு வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அந்த அம்மா முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. முனிரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

அவர் பையிலிருந்து நாலு சின்னக் குப்பிகளை எடுத்து வைத்தார். எண் மட்டும் இருந்தது.

"இதையும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. யார் டேஸ்ட் பண்ணுவீங்க?"

"பரிமளா."

"இவங்க இங்க என்ன வேலை பாக்கறாங்க?"

"பாட்டில் கழுவறாங்க. இந்த லேப்லயே இப்போதைக்கு நம்பக்கூடிய நாக்கு இவங்களுதுதான்."

அந்த அம்மா பரிமளாவை மேலும் கீழும் பார்த்தார். "சரி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நாலு குப்பி, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மணி நேரம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பகல் பார்த்ததில்லை. நடுவே எல்லோரும் தயிர் சாதம் சாப்பிட்டோம். பரிமளா மட்டும் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒன்று. "பாதி போச்சு, பாதி இனிக்குது."

இரண்டு. "மண்ணு."

மூன்று. வாயில் வைத்தாள், துப்பினாள், சர்க்கரை போட்டாள். கண்ணை மூடினாள். எல்லாவற்றிலும் ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் நல்லது என்று மனது அடித்துக்கொண்டது. அவர்கள் கொண்டுவந்த சரக்கை ஒன்றுமில்லை என்று சொன்னால் என்ன ஆகும்?

"நல்லா இனிக்குதும்மா. இதுல ஒண்ணுமே இல்ல. வெறும் தண்ணி." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேன் தண்ணி" என்றாள்.

நான்கு. "இதுவும் ரெண்டாவதும் ஒண்ணுதான். இதுல தண்ணி ஜாஸ்தி ஊத்திக்கிறீங்க."

அந்த அம்மா பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். மறுபடி மடித்தார். பிறகு சிரித்தார், வாய்விட்டு, அவரால் அப்படிச் சிரிக்க முடியும் என்று பையோடு வந்தவருக்கே தெரியாது போலிருந்தது.

"எங்க ஆபீஸ் கேன் தண்ணிதான். போன மாசம் இதே நாலையும் வேற ஒரு இடத்துல கொடுத்தேன். நாலுமே பிரமாதம்னு எழுதிக் கொடுத்தாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அவர் வந்திருந்தால் அதே நாலையும் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன். மூன்றாம் எண்ணை ராணி என்றும் சொல்லியிருப்பேன்.

வேலை எங்களுக்கு வந்தது. இரண்டு பேருடைய ஒப்பந்தமும் நீண்டது, பிறகு நிரந்தரமாகவும் ஆயிற்று. முனிரத்தினத்தின் கல்யாணத்தில் நான் ஜாங்கிரி சாப்பிட்டேன், டாக்டர் மன்னிக்கட்டும். பம்பு பாகம் அடுத்த வாரம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. நம் பதிவேட்டில் அந்த வாரப் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள், எந்தக் கருவியில் சோதித்தது என்ற இடத்தில் "பரிமளா" என்று என் கையெழுத்தில் இருக்கும். அதற்கு முந்தின பக்கத்தில் "தண்ணீர் மிக நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். கருவியை நம்புங்கள். நம்புவதற்கு முன்னால் அது காலையில் என்ன சாப்பிட்டது என்று கேளுங்கள். உங்கள் மேலதிகாரி தப்பாகப் போகும்போது, முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாவிட்டால் குடுவை கழுவப் போயிருக்கிறது என்று சொல்லுங்கள், வயிற்று வலி என்று சொல்லுங்கள். ஊற்ற மட்டும் ஊற்றாதீர்கள். நாளைக்கு நீங்களே மேலதிகாரி ஆனால், உங்களிடம் உள்ளதைச் சொல்ல யாருக்கும் லட்டு தேவைப்படாதபடி நடந்துகொள்ளுங்கள். எனக்கு அது கைவரவில்லை. அதற்குப் பிறகு கொஞ்சம் வந்தது.

நான் ஓய்வு பெற்ற நாளில் மாலை, சால்வை, பேச்சு எல்லாம் முடிந்ததும் பரிமளா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தாள். பிரித்தால் லட்டு. அறை முழுக்கச் சிரிப்பு. நான் கையை நீட்டினேன். முனிரத்தினம் குறுக்கே வந்தான், கையில் நோட்டும் பேனாவும்.

"இருங்க மேடம். காலைலருந்து இன்னா இன்னா துன்னீங்க, மொதல்ல அத சொல்லுங்க."

"ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி. சர்க்கரை போடாத காபி. டாக்டர் மாத்திரை ஒண்ணு."

"பொடி?"

"பொடி இல்லடா."

அவன் எழுதிக்கொண்டான். பரிமளா ஒரு சிட்டிகை சர்க்கரையை என் உள்ளங்கையில் வைத்தாள். நாக்கில் போட்டேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எப்பிடிக்கீது மேடம்?" என்றாள் பரிமளா.

"இனிக்குது" என்றேன். அவன் அதையும் எழுதிக்கொண்டு, என் கையெழுத்தை வாங்கிக்கொண்ட பிறகுதான் லட்டைக் கொடுத்தான்.